பதினோரு பேருக்குக் காய்ச்சல்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12-8-1993

மதிப்பிற்குரிய சுந்தரபாண்டியன் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு நினைவிருக்காது. கூமாப்பட்டிக்குத் தெற்கே உங்கள் குடும்பத்து நிலத்தில் இருக்கிற நெடுங்கரைச் சபையில் முப்பத்தைந்து வருடம் உபதேசியாராக இருந்த ஞானமுத்துவின் மகள் நான். பெயர் ஜெயபாய். இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சராக இருக்கிறேன்.

வருகிற பிப்ரவரி 22-ஆம் தேதி எங்கள் ஆலயத்துக்கு ஐம்பது வயது. பொன்விழா மலரில் சபையின் வரலாற்றை எழுதும் வேலையைக் கமிட்டியார் என் தலையில் கட்டிவிட்டார்கள். சரித்திரம் படித்தவள் என்றால் சும்மா விடுவார்களா. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் கமிட்டி சொல்லச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தா 1944-இல் ஆலயத்துக்கும் குடியிருப்புக்குமாக நாலு ஏக்கர் நிலத்தை வாய்வார்த்தையாகக் கொடுத்தார். அதற்கு நன்றியாக ஒவ்வொரு வருடமும் ஆலயம் திறந்த நாளான பிரதிஷ்டைப் பண்டிகை அன்று சபை முழுவதற்கும் ஆக்குகிற அசனச் சோற்றில் முதல் தாம்பாளம் மேளத்தோடு உங்கள் பெரிய வீட்டுக்குப் போகிறது. அது போய்ச் சேர்ந்த பிறகுதான் சபையார் கை நனைப்பார்கள். சோறு ஐம்பது வருடமாகத் தவறாமல் போகிறது, பத்திரம்தான் இன்னும் வரவில்லை. நாற்பத்துமூன்று குடும்பம் பட்டா இல்லாமல் இருக்கிறது. பொன்விழாவுக்குள் எழுதிக் கொடுத்தால் உங்களுக்குப் புண்ணியம்.

இரண்டாவது என் சொந்தச் சந்தேகம். சபையின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1943 நவம்பரில் ஒன்பது நாளில் பதினோரு அடக்கம் நடந்திருக்கிறது. மரணக் காரணம் என்ற கட்டத்தில் பதினோரு பேருக்கும் 'காய்ச்சல்' என்று அப்பா எழுதியிருக்கிறார். மற்ற வருடங்களில் பாம்பு கடித்தது, தலைப்பிரசவம், பனையிலிருந்து விழுந்தது என்று விலாவாரியாக எழுதுகிற மனிதர். அந்த வருடம் நான் மூன்று மாதக் கைக்குழந்தை. அப்பாவிடம் இனிக் கேட்க வழியில்லை, ஆலய வாசலில் அவரை அடக்கம் செய்து பதினாலு வருடம் ஆகிறது. உங்கள் வீட்டுக் காகிதங்களில் அந்த வருடத்தைப் பற்றி ஏதாவது இருந்தால் பார்க்கத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஞா. ஜெயபாய்


ராஜபாளையம்
29-8-1993

டீச்சரம்மாவுக்கு,

நலம். உபதேசியாரை மறக்க முடியுமா? வெள்ளை ஜிப்பா, கறுப்புக் குடை. எங்கள் வீட்டுக்கு வந்தால் மோர் கொடுத்தாலும் சரி, தண்ணீர் கொடுத்தாலும் சரி, கும்பிட்டுவிட்டு வேண்டாம் என்பார். வெயிலில் நாக்கு வறண்டு நின்றாலும் வாங்கமாட்டார். 'கௌரவமான மனுசன்' என்று என் தகப்பனார் சொல்வார்.

நான் பருத்தி அரவை மில்லைக் கட்டிக்கொண்டு இங்கே கிடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெரிய வீட்டுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வருவேன். மாடிப்படிக் கைப்பிடியைத் தொட்டால் கரையான் உதிர்கிறது. பிள்ளைகள் இரண்டும் மெட்ராஸில். அவர்களுக்கு நெடுங்கரை எந்தத் திசை என்று கேட்டால் தெரியாது. ஆகவே பத்திரம் விஷயத்தில் உங்கள் கமிட்டி கேட்பது நியாயம். பொன்விழாவுக்கு முன்னால் நிச்சயமாக எழுதித் தருகிறேன். சர்வேயருக்கும் சொல்லிவிட்டேன்.

1943 கதை எங்கள் வீட்டில் ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்கிற கதை. கொள்ளைக் காய்ச்சல் வந்து ஜனங்கள் சாகும்போது தாத்தா மூன்று நாள் அன்னம் தொடாமல் அழுதாராம். செத்தவர்களுக்காகத்தான் கோயில் கட்டிக்கொள்ளுங்கள் என்று நிலத்தைக் கொடுத்தாராம். இதை மலரில் முதல் பக்கத்தில் போடுங்கள். தாத்தா போட்டோ ஒன்று தருகிறேன், தலைப்பாகை வைத்தது. எனக்கு இதைவிடப் பெரிய ஆசை கிடையாது. வீடு இடிந்துபோகும், அவர் பேராவது ஒரு புத்தகத்தில் இருக்கட்டும்.

பழைய காகிதமெல்லாம் ஒரு தேக்குப் பெட்டியில் கிடக்கிறது. சாவகாசமாகத் திறந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
சுந்தரபாண்டியன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
3-10-1993

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதமும் போட்டோவும் கிடைத்தன. நன்றி. ஆனால் போட்டோவை முதல் பக்கத்தில் போடமுடியும் என்று இப்போது தோன்றவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

காலாண்டு லீவில் நெடுங்கரைக்குப் போயிருந்தேன். வெள்ளத்தாயை உங்களுக்குத் தெரியும், உங்கள் தோட்டத்தில் காலமெல்லாம் களை எடுத்தவர். என் அம்மா சீக்காளி, அதனால் என்னைத் தூக்கி வளர்த்ததே அவர்தான். பதிவேட்டில் இருக்கிற பதினோரு பேரில் இரண்டு பேர் அவர் பிள்ளைகள். மரியாள், வயது நாலு. தேவசகாயம், வயது ஒன்றரை. அந்த இரண்டு பேரும் இருந்ததாக அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

காய்ச்சல் என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டேன்.

"காய்ச்சலா? வாந்தியும் பேதியும்தான் தாயி. காலையில பேசிக்கிட்டுக் கெடந்த புள்ள, மத்தியானம் இல்ல," என்றார். "அப்ப ஊருக்கு நல்ல தண்ணி ஒரே கெணறுதான், பெரிய வீட்டுத் தோட்டத்துக் கெணறு. சீக்குக்காரக வாளி பட்டா கெணறு கெட்டுரும்னு அவிய வெளிக்கதவப் பூட்டிட்டாக. நாங்க கம்மாத் தண்ணியக் குடிச்சோம். செத்தவுக துணிய அலசுனதும் அந்தக் கம்மாயிலதான். பொறவு என்ன, வரிசையாப் போனாக."

சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். "அது எதுக்கு இப்ப? விடு," என்று எழுந்து போய்விட்டார். உங்கள் குடும்பத்துக்கு இன்றைக்கும் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவும் பயந்துதான் காய்ச்சல் என்று எழுதியிருக்க வேண்டும். எனக்கு அவர்மேல் கோபமாக வருகிறது. வாரத்துக்கு வாரம் சத்தியத்தைப் பிரசங்கம் செய்தவர், ஒரு பண்ணையாருக்குப் பயந்து பதினோரு பேரின் சாவை மறைத்திருக்கிறார். கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

மலரின் முதல் பக்கத்தில் அந்தப் பதினோரு பெயரும் வரும், காலரா என்று வரும், பூட்டிய கதவும் வரும். உங்கள் தாத்தா நிலம் கொடுத்ததையும் மறைக்கமாட்டேன்.

ஜெயபாய்


ராஜபாளையம்
11-10-1993

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். 

பூட்டினார் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் பச்சைப்பிள்ளைகள் இருந்தன, மாசமான பெண்கள் இருந்தார்கள். அவர் வேறு என்ன செய்வார்? பேதி அந்தக் கிணற்றில் இறங்கியிருந்தால் பதினோரு பேரோடு நின்றிருக்குமா? சரித்திர டீச்சர் நீங்கள், அம்மை போட்டிருக்கிற வீட்டுக்குள் எதிர்வீட்டுக்காரன் வரமாட்டான் என்பது தெரியாதா? அந்த நேரத்தில் நீங்கள் அவர் இடத்தில் இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பீர்களா? உண்மையாகச் சொல்லுங்கள்.

மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு வாசலுக்குச் சோறு வருகிறது. அது பயத்தில் வந்த சோறு என்று எழுதப்போகிறீர்கள். என் தாத்தாவைக் கொலைகாரன் என்று அச்சடிக்கிற புத்தகத்துக்கு நானே நிலத்தையும் கொடுக்கவேண்டும், இது எந்த ஊர் நியாயம்?

சர்வேயரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அச்சுக்குப் போகிறதற்கு முன்னால் வரலாற்றுப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். அதைப் படித்த பிறகுதான் பத்திர ஆபீஸ் பக்கம் வருவேன். உங்கள் கமிட்டிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

சுந்தரபாண்டியன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21-11-1993

ஐயா,

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பக்கங்கள் இத்துடன் இருக்கின்றன.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டம் போட்டார்கள். மழை. ஓட்டின் வழியே ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். கமிட்டிச் செயலாளர் ராக்கப்பன், பட்டாளத்தில் இருந்து வந்தவர், உங்கள் கடிதத்தை வாசித்தார். நான் பதிவேட்டை வைத்துக்கொண்டு பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். 

பிறகு ராக்கப்பன் சொன்னார்: "செத்தவுகளுக்குக் கல்லற இருக்கு டீச்சர். இருக்கிறவுகளுக்குத்தான் இடமில்ல."

இருளம்மாள் என்று ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவர். அவர் வீட்டுச் சுவர் போன மழையில் விழுந்தது. பட்டா இல்லை என்று சர்க்கார் வீடு கிடைக்கவில்லை. "நீங்க வில்லிபுத்தூர்ல மாடி வீட்ல இருக்கீக. ஒங்களுக்குப் பேரு வேணும், எங்களுக்குச் செவரு வேணும்," என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. 

வெள்ளத்தாய் சொன்னால் எழுதுகிறேன் என்று கடைசியாகச் சொன்னேன். அவர் பிள்ளைகள்தானே. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுதுனா அம்புட்டையும் எழுதணும் தாயி. அது ஒனக்கு ஆகாது," என்றார். "பட்டாவ வாங்கிக் குடு. எம்புள்ளைக பேரு எனக்குத் தெரியும், புத்தகம் எதுக்கு?"

எனக்கு ஏன் ஆகாது என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு சோர்வு.

உங்கள் தாத்தா மூன்று நாள் அன்னம் தொடாமல் அழுதார் என்று எழுதியிருக்கிறேன். 'கொள்ளைக் காய்ச்சல்' என்று என் கையாலேயே எழுதினேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது. போட்டோ முதல் பக்கத்தில் வரும். சர்வேயரை அனுப்புங்கள்.

ஜெயபாய்


ராஜபாளையம்
14-2-1994

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

போன வியாழக்கிழமை வத்திராயிருப்பில் பத்திரம் பதிவாகிவிட்டது. ராக்கப்பன் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நாலு ஏக்கரும் சபைக்கும் நாற்பத்துமூன்று குடும்பத்துக்கும் சேர்ந்துவிட்டது. மலரும் வந்தது. தாத்தா பக்கத்தை என் வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன், கண்ணில் தண்ணீர் விட்டாள். கோபத்தில் எழுதியதை எல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயம். அதைச் சொல்வதா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். பத்திரத்துக்காகத் தேக்குப் பெட்டியைத் திறந்தபோது ஒரு காகிதமும் ஒரு சாவியும் சேர்த்துக் கட்டி இருந்தன. உங்கள் அப்பா கையெழுத்து என்பது எனக்கே தெரிந்தது. இப்படி இருக்கிறது:

'பெரிய வீட்டு ஐயா சமுகத்துக்கு நெடுங்கரை உபதேசி ஞானமுத்து எழுதிக்கொடுத்தது. தோட்டத்து வெளிக்கதவுச் சாவியை இன்று பெற்றுக்கொண்டேன். என் மனைவிக்கும் கைக்குழந்தைக்குமாகத் தினம் இரண்டு குடம் தண்ணீர் எடுத்துக்கொள்வேன். வேறு ஒருவரையும் உள்ளே விடமாட்டேன். ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன். சீக்கின் பெயரைப் பதிவேட்டில் எழுதமாட்டேன். 1943 நவம்பர் 8.'

நடவு சமயம். காலரா என்று வெளியே தெரிந்தால் நடவுக்கு ஆள் வராது என்று தாத்தா நினைத்திருப்பார். உங்கள் அப்பா என்ன நினைத்தார் என்பது எனக்கு விளங்குகிறது, நானும் பிள்ளை பெற்றவன்தான்.

அக்டோபரிலேயே இது என் கையில் கிடைத்திருந்தால் கோபத்தில் கமிட்டிக்கு அனுப்பியிருப்பேன். நல்லவேளை, கிடைக்கவில்லை. நீங்கள் எங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்றினீர்கள். உங்கள் வீட்டு மானம் எங்கள் பெட்டியில் இருந்திருக்கிறது, காகிதத்தையும் சாவியையும் இத்துடன் உங்களிடமே கொடுக்கிறேன். காகிதத்தை எரித்துவிடுங்கள். நான் நகல் எடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.

பண்டிகை அன்று பெரிய வீட்டில் இருப்பேன். இந்த வருடத் தாம்பாளத்துக்கு முன்னால் நீங்கள் நடந்து வரவேண்டும் என்பது என் ஆசை.

அன்புடன்,
சுந்தரபாண்டியன்


ராஜபாளையம்
24-2-1994

டீச்சரம்மாவுக்கு,

நேற்று முன்தினம் மூன்று மணி வரைக்கும் பட்டு வேட்டியோடு பெரிய வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தாம்பாளம் வரவில்லை. மேளச் சத்தமும் கேட்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்து இப்படி நடந்ததில்லை. வீட்டுக்காரி பசி தாங்காமல் பழத்தைச் சாப்பிட்டாள்.

தோட்டக்காரர் பால்ச்சாமி வந்து ஏதேதோ சொல்கிறார். வெளிக்கதவில் இலை போட்டார்கள் என்கிறார், டீச்சர் காகிதம் வாசித்தார் என்கிறார். நான் நம்பவில்லை. நீங்கள் எழுதினால் நம்புகிறேன்.

சுந்தரபாண்டியன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2-3-1994

சுந்தரபாண்டியன் அவர்களுக்கு,

பால்ச்சாமி சொன்னது உண்மை.

உங்கள் உறை எனக்கு 16-ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. மூன்றாவது பீரியட் முடிந்து பிரித்தேன், நாலாவது பீரியட்டுக்குப் போகவில்லை. நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினீர்கள் என்பதை நம்புகிறேன். என்னை எரிக்கச் சொன்னீர்கள். அடுப்பங்கரை வரை கொண்டுபோனேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அப்பா உங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? எங்கள் வீட்டிலும் எல்லோரும் குடித்த பிறகுதான் அவர் குடிப்பார். பக்தி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவரைக் கோழை என்று உங்களுக்கு எழுதியவள் நான். அவர் பிள்ளைக்காகச் செய்ததை நான் பட்டாவுக்காகச் செய்தேன். அதே வார்த்தையைத்தான் நானும் எழுதினேன், காய்ச்சல் என்று.

பண்டிகை அன்று ஆராதனையில் மலரிலிருந்து வரலாற்றை வாசிப்பது என் பொறுப்பு. உங்கள் தாத்தாவின் பக்கத்தை அச்சடித்தபடியே வாசித்தேன். பிறகு மலரை மூடிவிட்டு அப்பாவின் காகிதத்தை வாசித்தேன். 'கைக்குழந்தைக்கு' என்று வந்த இடத்தில், அந்தக் குழந்தை நான்தான் என்று சொன்னேன். இளவட்டங்களுக்கு விளங்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வருடத்தில் இருந்தவர்கள் நாலு பேர்தான் மிச்சம். அவர்கள் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. தெரிந்துதான் அத்தனை வருடமும் அப்பாவின் பின்னால் ஜெபம் சொல்லியிருக்கிறார்கள்.

வெளியே தாம்பாளம் தயாராக இருந்தது. ராக்கப்பன் மேளக்காரரைக் கூப்பிட்டார். வெள்ளத்தாய் வந்து தாம்பாளத்தின் மேல் கையை வைத்தார். "இந்த வருசம் அங்க வேண்டாம்," என்றார். பத்திரம் பதிவான பிறகு யாருக்கும் எதிர்த்துப் பேச வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ராக்கப்பன் எங்களோடு வரவில்லை, பாதிப்பேர் வரவில்லை. இருளம்மாள் வந்தார்.

தோட்டத்து வெளிக்கதவுக்குப் போனோம். நீங்கள் அனுப்பிய சாவியைப் போட்டுப் பார்த்தேன், சேரவில்லை. பூட்டை எப்போதோ மாற்றியிருக்கிறீர்கள். கதவுக்கு முன்னால் பதினோரு இலை போட்டுத் தாம்பாளத்துச் சோற்றை வைத்தோம். வெள்ளத்தாய் பதினோரு பெயரையும் சொன்னார், மரியாள், தேவசகாயம் என்று கடைசியாகத் தன் பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். பதிவேட்டில் இருக்கிற வரிசையும் அதுதான். அவருக்குப் படிக்கத் தெரியாது.

அங்கேதான் என்னிடம் சொன்னார். "கதவுக்கு அங்கிட்டு உங்கப்பா, இங்கிட்டு நான். சின்னவனுக்கு ஒரு செம்புத் தண்ணி கேட்டேன். கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. குடுக்கல."

"தெரிஞ்சுமா என்னைத் தூக்கி வளத்தீக?" என்றேன்.

"ஒன்னையும் சேத்துச் சாகக் குடுக்கச் சொல்றியா? அந்தத் தண்ணியில ஒரு புள்ளையாவது பெழச்சுச்சே," என்று சொல்லி என் தலையைத் தடவினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் அப்பாவின் கல்லறையில் இருந்த பெயர்க்கல்லை யாரோ பெயர்த்துப் போட்டிருந்தார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. கல் இப்போது என் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. சுற்றிலுமுள்ள சபைகளுக்கெல்லாம் பொறுப்பான சேகரத்துக் குருவானவர் அனுமதித்ததால், அடக்கப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'காலரா. தண்ணீர் கொடுக்கப்படவில்லை' என்று எழுதி, ஞானமுத்து மகள் ஜெயபாய் என்று கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் காகிதத்தையும் அதே பக்கத்தில் ஒட்டிவிட்டேன். 'பெரிய வீட்டு ஐயா' என்று உங்கள் தாத்தாவும் அதில் இருக்கிறார். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் கிழிக்கமாட்டேன். அடுத்த வருடம் இலை கிணற்றடியில் போடவேண்டும், கதவைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் ஒன்று கேட்டிருந்தீர்கள், அவர் இடத்தில் இருந்தால் கதவைத் திறந்திருப்பீர்களா என்று. அப்போது பதில் எழுதவில்லை. இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

இலை போட்டுத் திரும்பியதும் எல்லோரும் அசனத்துக்கு உட்கார்ந்தார்கள். நான் இலையில் கை வைக்கவில்லை. வெள்ளத்தாய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட பிறகுதான், அப்பாவும் இப்படித்தானே கும்பிட்டிருப்பார் என்று நினைவு வந்தது. செம்பை வாங்கிக்கொண்டேன். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ஜெயபாய்